எட்டுக் கோடு, பன்னிரண்டு கோடு

முப்பத்து மூன்று வருடம் ரோடு வேலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாராவது ஓர் அளவைச் சொன்னால் அதை அப்படியே நம்புகிற பழக்கம் என்னிடம் கிடையாது. கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் கூடத்தை நடந்து அளந்துவிடுவேன். என்னுடைய ஒரு காலடி முக்கால் மீட்டர். இன்றைக்கும் ஒரு விரற்கடை பிசகாது. மனை விற்பவர் முப்பதடிப் பாதை என்றால், நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிட்டு இருபத்தாறே முக்கால் என்பேன். அவர் முகம் சுண்டிப் போகும். என் மனைவிக்கு என்னோடு வெளியே வருவதென்றாலே கூச்சம்.

இந்தப் புத்தி சும்மா வந்ததில்லை. ரோடு போடுகிறவன் திருட நினைத்தால் நடுவில் திருட மாட்டான், நடுவில் எல்லார் கண்ணும் இருக்கும். ஓரத்தில்தான் கை வைப்பான். மூன்றே முக்கால் மீட்டர் தார் என்று எழுதியிருந்தால், அதிகாரி டேப் பிடிக்கிற கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் மூன்றே முக்கால் சுத்தமாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, உடைமரம் மறைக்கிற வளைவில், இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் குறையும். அதனால் நான் கல்லுக்குப் பக்கத்தில் டேப் பிடிக்கவே மாட்டேன். நேரே வளைவுக்குப் போவேன். சாலையின் நடுவில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளப்பேன். தூரத்தில் என் ஸ்கூட்டரைக் கண்டதுமே ‘ஆணி வருது’ என்று வேலையாட்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு இது தெரியவந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

எங்களுக்கு ஒரே மகள். விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அப்படி ஒரு பயிற்சிப் பள்ளி உண்மையிலேயே இருக்கிறதா என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இருந்தது. மைதானத்தில் இரண்டு சின்ன விமானங்கள் நின்றன. அவை பறக்குமா, சும்மா காட்டுவதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று அரை நாள் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இரண்டும் ஏறி இறங்கிய பிறகே ஊருக்குத் திரும்பி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைத் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். தினமும் அரை மணி நேரம் போன் வரும். எந்த ஊரில் இறங்கும்போது காற்று தள்ளியது, எந்தக் கேப்டன் சிடுமூஞ்சி, எங்கே தரையைத் தொட்டபோது பயணிகள் கைதட்டினார்கள், எங்கே முனகினார்கள் என்று ஒன்றுவிடாமல் வரும். நான் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். அவளும் சலிக்காமல் பதில் சொல்லுவாள். “ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல பேசுத மாதிரியே பேசுதீங்க” என்பாள் என் மனைவி. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த சின்ன விமானத்தில் அவள் துணை விமானி. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு அவள் முதன்முதலாக வந்த அன்று நானும் மனைவியும் வாகைகுளம் விமான நிலைய மதிலுக்கு வெளியே ரோட்டோரம் நின்றோம். ஆடி மாதம். காற்று ஆளைத் தூக்கியது. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். விமானம் நேராக வரவில்லை. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, உடம்பு இன்னொரு பக்கம் நகர, நண்டு நடப்பதுபோல் வந்தது. தரைக்கு மிக அருகே வந்ததும் மூக்கைத் திருப்பி நேராக்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் மறைந்தது. நம் ஊர்க் காற்றுக்கு ரன்வேயின் அகலம் போதுமா என்ற கேள்வி அந்த இடத்தில்தான் எனக்குள் விழுந்தது.

அடுத்த வாரம் அவள் லீவில் வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு. நான் கேட்டேன், அவள் சொன்னாள். நம் ஊர் ரன்வே முப்பது மீட்டர் அகலமாம். சென்னையில் நாற்பத்தைந்தாம். நான் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பதினைந்து மீட்டர் குறைவு. நடுவில் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் ஏழரை, அந்தப் பக்கம் ஏழரை. இரண்டு வண்டி எதிரும் புதிருமாகப் போகிற ரோட்டின் தார் மொத்தமே ஏழு மீட்டர்தான். அப்படியானால் ஒரு ரோட்டை இடது பக்கமும் இன்னொரு ரோட்டை வலது பக்கமும் யாரோ விழுங்கியிருக்கிறார்கள். நான் அதைச் சொன்னதும், சாப்பாட்டு நேரத்தில் ஏழரை என்று வாயால் சொல்லவேண்டாம் என்று மனைவி அதட்டினாள்.

மகள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவள் ஓட்டுகிற விமானத்தின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில் நாலு மீட்டர் சொச்சம்தான் இடைவெளி. அதற்கு முப்பது தாராளம். பெரிய ஜெட்டுக்குச் சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், வேகம் அதிகம், ஓட நீளமும் அதிகம் வேண்டும், அதற்கு நாற்பத்தைந்து. எல்லாவற்றையும்விடப் பெரியவற்றுக்காக அறுபது மீட்டர் அகலத்திலும் சில இடங்களில் போட்டிருக்கிறார்கள். பயிற்சி விமானம் மட்டும் இறங்குகிற இடங்களில் பதினெட்டுகூட உண்டு. எந்த விமானம் வரப்போகிறதோ அதன் சக்கரத்தையும், அதற்கு வேண்டிய நீளத்தையும் பார்த்துத்தான் அகலத்தை முடிவு செய்வார்கள் என்றாள்.

நான் விடுவேனா? நாலு மீட்டர் சக்கரத்துக்கு முப்பது எதற்கு, பத்து போதாதா, எதிரே இன்னொரு விமானமா வரப்போகிறது என்று கேட்டேன். ரோட்டுக்காரன் கேள்வி அது. எங்களுக்கு அகலம் என்றால் எதிரே வருகிற வண்டி. அவள் என் மேசையிலிருந்த மர ஸ்கேலைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்றை எடுத்து அதன் மேல் சாய்வாகப் பிடித்தாள். “எதுத்தாப்ல ஒண்ணும் வராதுப்பா. பக்கத்துல இருந்து காத்து வரும்” என்றாள். காற்று தள்ளும்போது விமானம் இப்படிச் சாய்ந்துதான் தரையைத் தொடும். கோட்டின் மேலேயே தொட்டுவிட முடியாது. கொஞ்சம் இப்படியும் அப்படியும் போகும். ஏறப் போகிற நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் மற்ற எஞ்சின் விமானத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதைப் பிடித்து நிறுத்தும் வரை சக்கரம் மண்ணில் இறங்கக் கூடாது. அந்த இழுப்புக்கெல்லாம் சேர்த்துத்தான் அகலம். அவள் இவ்வளவு தெரிந்தவளாக வளர்ந்துவிட்டாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

டேப் இல்லாமலே ரன்வேயின் அகலத்தைக் கண்டுபிடிக்கவும் அவள்தான் சொல்லித் தந்தாள். ரன்வே தொடங்குகிற இடத்தில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் வரிசையாகப் போட்டிருப்பார்கள். எட்டுக் கோடு என்றால் முப்பது மீட்டர். பன்னிரண்டு என்றால் நாற்பத்தைந்து. பதினாறு என்றால் அறுபது. மேலே இருந்து வருகிறவன் எண்ணிப் பார்த்தாலே போதும். பெயின்ட் அடிப்பவன் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு போட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “உங்களத் திருத்தவே முடியாதுப்பா” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மோர் ஊற்றுகிற நேரத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். அகலமான ரன்வேயில் இறங்கிப் பழகிய கண்ணைக் குறுகலான ரன்வே கொஞ்சம் ஏமாற்றுமாம். நாம் இன்னும் உயரத்தில் இருப்பதாகத் தோன்றுமாம். அதை நம்பினால் இறங்க வேண்டியதைவிடக் கீழே போய்விடுவோம். அகலமானதில் இதற்கு நேர்மாறு. தரை வந்துவிட்டதுபோல் இருக்கும், வந்திருக்காது. “முதல் தடவ நம்மூருக்கு வந்தப்போ எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் கீழ போயிட்டேன். கேப்டன் சொன்னாரு, திருத்திட்டேன்” என்று சொல்லிவிட்டு மோரை உறிஞ்சிக் குடித்தாள். அவளுக்கு அது வெறும் சாப்பாட்டுப் பேச்சு.

எனக்கு அன்று முதல் தூக்கம் கெட்டது. போனில் மேப்பைத் திறந்து ரன்வேயின் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் தொட்டு அளந்தேன். முப்பதுக்குப் பக்கமாகக் காட்டியது. மகள் சொன்னது சரி. சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. முப்பது போதும் என்று முடிவு செய்தது யார்? முதலில் நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கினார்களா? வாகைகுளத்து வாசலில் நின்ற காவலரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அதெல்லாம் சொல்லக் கூடாது, நகருங்கள் என்றார். அவர் தன் வேலையைப் பார்த்தார். நானோ, சொல்லக் கூடாது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எதிரே டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, விமானம் ஏறுவது தெரியும், இறங்குவது தெரியும், அகலம் தெரியாது என்று சொல்லிவிட்டு என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மனு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. ஓய்வு பெற்ற பிறகு திங்கட்கிழமை என்றால் எனக்குக் கலெக்டர் ஆபீஸ்தான். எங்கள் தெரு வேகத்தடை ஒரு சாண் உயரமாக இருந்ததற்கு, சாக்கடை வாறுகால் பாலம் அகலம் குறைந்ததற்கு, பஸ் நிறுத்தக் கூரை சாய்ந்ததற்கு என்று பல மனுக்கள். எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி ஓட்டை போட்டு நூலில் கோத்து வைத்திருக்கிறேன். மனுவில் எனக்கென்று ஒரு முறை உண்டு. எந்தப் புகாருக்கும் ஓர் ஆள் சாட்சி வேண்டும். ‘பொதுமக்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதினால் அது கட்டோடு போய்விடும். இன்னார் பார்த்தார், இன்னார் சொன்னார் என்று எழுதினால்தான் எடுத்து வைப்பார்கள். ரோடு வேலையில் நான் கண்ட அனுபவம் அது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று பக்கம் எழுதினேன். ரன்வே பதினைந்து மீட்டர் குறைவாக இருப்பதற்குக் காரணம் விசாரிக்கப்பட வேண்டும் என்று தொடங்கி, ஆடிக் காற்றின் போக்கு வரை விவரித்தேன். கடைசிப் பக்கத்தில் சாட்சி. இதே ஊருக்கு விமானம் ஓட்டி வரும் என் மகளே, ரன்வே குறுகலாக இருப்பதால் உயரம் தவறாகத் தெரிந்து, இறங்க வேண்டியதைவிடக் கீழே இறங்கிவிட்டதாக என்னிடம் நேரில் கூறியுள்ளார். அந்த வரியின் கீழே சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அவள் கறிவேப்பிலை ஈர்க்கை வைத்துக் காட்டிய அதே ஸ்கேல். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சீட்டை நூலில் கோத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை காலையில் மகள் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றாள். சீருடைப் பெட்டி இல்லை, ஒரு தோள்பை மட்டும். லீவு என்றாள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள். எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. போன் வந்தால் மாடிக்குப் போனாள். தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசினாள். நான் துணி உலர்த்துவதுபோல் படியேறினால் பேச்சை நிறுத்தினாள். என் வாழ்க்கையிலேயே ஈரமில்லாத துணியை உலர்த்தியது அந்த இரண்டு நாள்தான். இது பையன் விவகாரம் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “உங்க புத்தி எங்கன போகுது? பிள்ள சரியாச் சாப்பிடல. அதப் பாத்தீங்களா?” என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், “வாங்கப்பா, பீச்சுக்குப் போயிட்டு வரலாம்” என்று மகளே கூப்பிட்டாள். அவள் ஸ்கூட்டரை ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்தேன். உப்பளங்களைத் தாண்டினோம். பையன் யார், என்ன வேலை, ஊர் எது என்று நான் மனசுக்குள் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். துறைமுகத்துப் பக்கம் மணலில் உட்கார்ந்ததும் அவள் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். என் கையெழுத்து. என் மூன்றாம் பக்கம். சிவப்புக் கோடு.

“இது நீங்க எழுதுனதுதானப்பா?”

நான் தலையாட்டினேன். மேசைக்கு மேசை கைமாறி, தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் முத்திரை வாங்கி, கடைசியில் அது அவள் கம்பெனிக்கே போயிருக்கிறது. அவளைக் கூப்பிட்டு, இப்படிச் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“சொன்னேன்னுதான் சொன்னேன். பொய் சொல்லவா முடியும்? அது எல்லாப் பைலட்டுக்கும் தெரிஞ்ச விசயம்பா. பாடத்துலயே இருக்கு. தெரியுததுனாலதான் திருத்திக்கிடுதோம். ஆனா ஒரு பைலட்டப் பத்தி எழுத்துல வந்துட்டா, சோதிச்சுப் பாக்காம அவளப் பறக்க விடக் கூடாது. அவங்க மேல தப்பே இல்ல.”

சோதனை முடியும் வரை அவளுக்கு விமானம் கிடையாது. அந்த மாதம்தான் கேப்டன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. விசாரணையில் இருப்பவள் பெயரை அதில் சேர்க்க முடியாது. அவளோடு படித்தவர்கள் போகிறார்கள், அவள் நிற்கிறாள். இதையெல்லாம் அவள் அழாமல், நிலக்கரிக் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாளைக்கே இன்னொரு மனு எழுதி முதல் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன்.

“வேண்டாம்பா. இனிமே என்னப் பத்தி எதுவும் எழுதாதீங்க.”

“உனக்காகத்தான் ஏளா எழுதுனேன்.”

“எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பீங்க.”

மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வண்டியை எடுத்தாள். வளைவில் டேப் பிடித்து எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். பிடிபட்டவனின் கண்ணுக்கு ரோடு எப்படித் தெரியும் என்பது அன்று திரும்பி வரும் வழியில் எனக்குத் தெரிந்தது.

சோதனையில் அவள் தேறினாள். திரும்பவும் பறக்கத் தொடங்கினாள். எனக்கும் பதில் கடிதம் வந்தது, மரியாதையான இரண்டு பக்கம். இங்கே வருகிற விமானங்களுக்கு முப்பது மீட்டர் அகலம் உரிய விதிப்படி அமைந்தது என்றும், பெரிய விமானங்கள் வருவதற்காக நீளத்தையும் அகலத்தையும் கூட்டும் வேலை ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். வழக்கமாக இப்படிப்பட்ட பதிலில் எங்கே மழுப்பியிருக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். இதிலும் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. என் மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னதுதான் இரண்டு பக்கத்திலும் இருந்தது.

போன் இப்போதும் தினமும் வரும். எப்படியம்மா இருந்தது இன்றைக்கு என்று கேட்பேன். “நல்லா இருந்துச்சுப்பா” என்பாள். காற்று? “பரவால்லப்பா.” கேப்டன்? “நல்லவருப்பா. அம்மாட்ட குடுங்க.” மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லா ஊரும் நன்றாக இருந்தது, எல்லாக் காற்றும் பரவாயில்லை, எல்லாக் கேப்டனும் நல்லவர். ஒரு வருடம் முழுக்க அளவு கொஞ்சமும் மாறாமல் ஒருவன் ரோடு போட்டிருந்தால் நான் அதை நம்பியிருப்பேனா? இதையும் நம்பவில்லை. ஆனால் தோண்டிக் கேட்கிற உரிமையை நானே கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கித் தொலைத்துவிட்டேன். அவள் மனம் ஆறிவிடும் என்று மனைவி சொன்னாள். நான் அதையும் நம்பவில்லை.

வாகைகுளத்தில் வேலை தொடங்கியது. ரோலர்கள், தார் பரப்பும் இயந்திரங்கள், ஜல்லி லாரிகள். டீக்கடையில் உட்கார்ந்து நாள் கணக்கில் பார்த்தேன். ஓரத்தில் நாலு விரல் குறைகிறதா என்று கண் தானாக அலைந்தது. ஒருநாள், நீங்கள் ரோட்டு வேலையில் இருந்தவர்தானே, உள்ளே அளவு எல்லாம் சரியாக இருக்குமா என்று அண்ணாச்சி கேட்டார். தெரியாது என்றேன். அவருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். திங்கட்கிழமைகளில் நான் கலெக்டர் ஆபீஸுக்கும் போவதில்லை. மனுச் சீட்டுகளைக் கோத்த நூலை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன்.

அடுத்து வந்த பட்டியலில் மகள் பெயர் இருந்தது. கூடப் படித்தவர்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் அவள் கேப்டன் ஆனாள். சேதியை அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள். புது ரன்வே திறந்து சில நாள் கழித்து, சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாங்கள் இருவரும் அவள் ஓட்டிய விமானத்திலேயே ஊருக்குத் திரும்பினோம். டிக்கெட் போட்டதும் அவள்தான். ஜன்னல் சீட்டு எனக்கு. கேட்டு வாங்கியதில்லை, அவளாகப் பார்த்துப் போட்டிருந்தாள். ஒலிபெருக்கியில் கேப்டன் பேசுகிறேன் என்று அவள் குரல் வந்ததும் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவரிடம் என் மகள் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உப்பளங்களின் வெள்ளைச் சதுரங்கள், பிறகு கரிசல் காடு, பனை, நான்குவழிச் சாலை. விமானம் இறங்கியது. தரை இதோ வந்துவிட்டது என்று நான் நினைத்த இடத்தில் வரவில்லை. ஒரு கணம் மிதந்தது. பிறகு சக்கரங்கள் கொஞ்சம் பலமாகவே தரையில் உட்கார்ந்தன. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. பெரிய குற்றம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் பள்ளத்தில் இறங்குகிற குலுக்கல்கூட இல்லை. ஆனால் எனக்கு ஏன் என்று தெரியும் என்று நினைத்தேன். எத்தனையோ வருடம் முப்பதில் இறங்கிப் பழகிய ஊர் இப்போது நாற்பத்தைந்து. அகலமானதில் தரை வந்துவிட்டதுபோல் இருக்கும், வந்திருக்காது. மோர் குடித்துக்கொண்டே சொன்னாளே. ஒருவேளை வெறும் காற்றாகவும் இருக்கலாம். அவளைக் கேட்டால் தெரியும். விமானம் ஓடி முடித்துத் திரும்பும்போது என் ஜன்னலுக்குக் கீழே கோடுகள் வந்தன. நடுக்கோட்டிலிருந்து என் பக்கம் எண்ணினேன். ஆறு. அந்தப் பக்கமும் ஆறு இருக்க வேண்டும். ஜன்னல் மறைத்தது, பார்க்க முடியவில்லை. இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவளுக்கு அதோடு வேலை முடிந்தது. வெளியே காத்திருந்தோம். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டையோடு வந்தாள். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் அடங்கவில்லை.

“எப்படி இருந்துச்சு ஏளா?”

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். “நல்லா இருந்துச்சுப்பா.”

“ஆமா, நல்லா இருந்துச்சு” என்றேன். அளக்காமலே நான் சரி சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அவள் என் பையை வாங்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு கார் நிற்கிற பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன். காற்று என் பக்கமாக அடித்தது. அவள் பேசுவது தெளிவாகக் கேட்டது. “கடைசில லேசாத் தூக்கிப் போட்டுச்சுல்லாம்மா? இங்கன இப்ப அகலமாப் போச்சுல்லா. தரை கிட்ட வந்துட்ட மாதிரி இருக்கும், ஆனா இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும். நான் ஒரு வினாடி முந்தி மூக்கத் தூக்கிட்டேன், அதான்…” என் மனைவிக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு, வீட்டுக்கு என்ன காய் வாங்கணும் என்று கேட்டாள்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இன்னும் இரண்டு காலடி முன்னால் போனால் மீதியும் கேட்கும். நான் என் காலடியைக் குறைத்துக்கொண்டு, காதில் விழாத தூரத்தில் பின்னால் நடந்தேன்.